இயங்குதளம் மாறியபோது தமிழெழுத்துக்கு நேர்ந்தது

தமிழ், ஏட்டுச்சுவடியை விட்டு அச்சுத்தாளுக்குக் குடிபெயர்ந்த வரலாறு நம் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. உ. வே. சாமிநாதையர் பல இடங்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கி, 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததை மாணவர் அறிவர். அதற்கு ஒப்பான இன்னொரு குடிபெயர்ச்சி, ஏறத்தாழ 1985 முதல் 2010 வரை, நம் கண்ணெதிரே நிகழ்ந்தது. கணினியின் இயங்குதளம் ஒவ்வொரு முறை மாறியபோதும் தமிழெழுத்து தன் இருப்பிடத்தை மாற்றிக்கொள்ள நேர்ந்தது. அதில் நாம் பெற்றது மிகுதி, இழந்தவையும் உண்டு. இழந்தவற்றுள் சில இன்னும் மீட்கத்தக்கவை என்பதாலேயே இவ்வரலாற்றை இங்கு எடுத்துரைக்கிறோம்.

சுவடியும் கோப்பும்

பழஞ்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் காட்டப்படுவதில்லை. குறில் எகர ஒகரங்களுக்குப் புள்ளியிடும் மரபைத் தொல்காப்பியம் கூறியிருந்தும், எழுத்தாணி பிடித்தோர் அதைப் பெரும்பாலும் கைவிட்டனர். ஆகவே, எழுதப்பட்டது மெய்யா, உயிர்மெய்யா, குறிலா, நெடிலா என்பதைப் படிப்பவரே தம் மொழியறிவால் உய்த்துணர வேண்டியிருந்தது. எழுத்தின் ஒரு பகுதி ஓலையிலும், மறுபகுதி படிப்பவரின் நினைவிலும் இருந்தது எனலாம்.

தொடக்காலக் கணினிக் கோப்புகளின் நிலையும் இதுவே. கோப்பில் இருந்தவை வெறும் எண்கள். அவ்வெண்களைத் தமிழாகக் காட்டிய அறிவு எழுத்துருவில் இருந்தது. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கியது.

256 இடங்களும் 247 எழுத்துகளும்

அக்காலக் கணினி ஓர் எழுத்துக்கு எட்டு பிட்டுகளை ஒதுக்கியது. அதனால் கிடைத்த இடங்கள் 256. அவற்றுள் முதல் 128 இடங்களில் ஆங்கில எழுத்துகள், எண்கள், கட்டளைக் குறிகள் ஆகியன முன்பே அமர்ந்துவிட்டன. எஞ்சிய 128-இல் தமிழின் 247 எழுத்துகளை எவ்வாறு அமர்த்துவது? எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து, கொம்பு, கால், விசிறி முதலியவற்றைத் தனித்தனியே வைத்துக் கோப்பதே வழியாயிற்று. தமிழக அரசு 1978-இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் இதற்குப் பெரிதும் துணைநின்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான 13 எழுத்துகளின் தனி வடிவங்கள் பொதுவடிவத்துக்குள் வந்ததால், அவற்றுக்கெனத் தனி இடங்கள் தேவைப்படவில்லை. சீர்திருத்தத்தை நம் நாடுகளும் ஏற்றிருந்தமையால் அந்தப் பயன் நமக்கும் கிட்டியது.

எம்.எஸ்.டாஸ் இயங்குதளத்தில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளும் தன் எழுத்தைத் தானே திரையில் வரைந்துகொண்டது. மலேசியாவின் முத்து நெடுமாறன் தம் முயற்சியைத் தொடங்கியது அக்காலத்திலேயே. 1992-இல் விண்டோஸ் 3.1 வெளிவந்தபோது நிலை மாறியது. ஓர் எழுத்துருவைக் கணினியில் நிறுவினால் எல்லாச் செயலிகளிலும் அதைப் பயன்படுத்தலாம் என்றாயிற்று. எழுத்துருக்கள் பெருகின. ஆயினும் எந்த எழுத்து எந்த இடத்தில் என்பதை ஒவ்வொருவரும் தாமே முடிவு செய்தனர். ஒருவர் ககரம் வைத்த இடத்தில் இன்னொருவர் பகரம் வைத்தார்.

சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழை அமர்த்தினர். இலங்கைத் தமிழரிடையே பரவிய பாமினி எழுத்துரு இதற்குச் சான்று. அதில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே கோப்பில் கிடக்கும். சொல்செயலி தன் வழக்கப்படி வாக்கியத்தின் முதலெழுத்தைப் பேரெழுத்தாக்கினால், க என்பது கு ஆகிவிடும். த என்பது து ஆகிவிடும். பிழை எழுதியவருடையதன்று, தமிழை ஆங்கிலமென்று கருதிய பொறியினுடையது.

நம் நாடுகளின் பங்கு

இணையம் வந்தபின் இக்குழப்பம் பொறுக்க முடியாததாயிற்று. தேசியக் கல்விக் கழக ஆசிரியராயிருந்த நா. கோவிந்தசாமி, தமிழை இணையத்தில் ஏற்றும் பணியில் சிங்கப்பூரில் முன்னின்றார். 1997-ஆம் ஆண்டு மே மாதம் அங்கு நடைபெற்ற தமிழ்நெட் 97 கருத்தரங்கு, குறியாக்கத் தரம் குறித்த உலகளாவிய உரையாடலைத் தொடங்கிவைத்தது. பல நாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியே கலந்தாய்ந்து திஸ்கி என்னும் தரத்தை வகுத்தனர். 1999-இல் சென்னை மாநாடு டாம், டாப் என்னும் தரங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் அளித்தது. அதே ஆண்டில் கோவிந்தசாமி மறைந்தார். 2000-ஆம் ஆண்டு சிங்கப்பூர் மாநாட்டில் உத்தமம் அமைப்பு உருவாயிற்று. 2001-இல் கோலாலம்பூரில் அடுத்த மாநாடு கூடியது.

இவர்கள் தரங்களை வகுத்துக்கொண்டிருந்த வேளையில் இயங்குதளமே அடியோடு மாறியது. 1991-இல் வெளியான யூனிகோட் எனும் ஒருங்குறியில் தமிழுக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. 2000-இல் வந்த விண்டோஸ் 2000, லதா எழுத்துருவுடன் அதை நடைமுறைக்குக் கொணர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பியிலும் தமிழ் தெரிவதற்கு அமைப்புப் பகுதியில் ஒரு கட்டத்தைக் குறியிட்டு, நிறுவல் வட்டைச் செருக வேண்டியிருந்ததை ஆசிரியர் பலர் நினைவுகூர்வர். 2005-இல் மேக் இயங்குதளத்தின் 10.4 பதிப்பு, முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துருவைத் தன்னுள் ஏற்றது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியையும் தேஸ்16 குறியாக்கத்தையும் தரங்களாக அறிவித்தது.

மாறியது வடிவமன்று, கொள்கை

மொழியியல் நோக்கில் இம்மாற்றம் ஆழமானது. பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையே கோப்பின் வரிசை. 'கெ' என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில், ககரம் பின்னர். அகரவரிசைப்படுத்தினால் கெடு, சொல், தொழில், பெயர் ஆகிய அனைத்தும் கொம்பின்கீழ் ஒரே குவியலாகும். ஒருங்குறியில் ஒலிப்புமுறையே வரிசை: ககரம் முதலில், உயிர்க்குறி பின்னர். வரிவடிவத்தைச் சேமித்த கணினி, எழுத்தைச் சேமிக்கக் கற்றது.

ஆயினும் ஒருங்குறி நம் இலக்கணத்தை முழுமையாகப் பின்பற்றவில்லை. பிற இந்திய மொழிகளின் அடுக்கைத் தழுவியதால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. அகராதி வரிசைக்குத் தனி நெறிமுறை தேவைப்படுகிறது. நம் மரபில் மெய்யே அடிப்படை. க் என்பதுடன் அ சேர்ந்து க ஆகிறது. ஒருங்குறியிலோ க ஓர் அலகு, க் ஈரலகு. இதை ஒட்டி எழுந்த வாதங்களே தேஸ்16 உருவாகக் காரணமாயின. உலக இயங்குதளங்கள் யாவும் ஒருங்குறியை ஏற்றுவிட்டமையால், நடைமுறையில் அதுவே நிலைபெற்றது.

நாம் இழந்தது

இம்மாற்றத்தின் இழப்பை நாம் ஏட்டில் படித்தறியவில்லை. 1990-களில் மலேசியத் தோட்டப்புறப் பேச்சுத்தமிழைப் பதிவுசெய்து, சொற்களைக் கணினியில் ஏற்றினோம். பேச்சில் 'அவன்' என்பதன் ஈற்றில் னகரம் முழுமையாக ஒலிக்காமல் உயிர் மூக்கொலி பெறும். எங்கே ஒலி முழுமையாக நின்றது, எங்கே மூக்கொலியாகத் தேய்ந்தது என்பதே ஆய்வின் மையம். அதைக் குறிக்க எழுத்துருவில் வெறுமையாயிருந்த இடங்களில் நாமே சில குறிகளைச் செருகினோம். எந்த இடத்தில் எந்தக் குறி என்ற பட்டியலை எங்கும் எழுதிவைக்கவில்லை.

2006-இல் புதிய கணினிக்கு மாறியபோது, மாற்றி நிரல் எழுத்துகளைச் செவ்வையாக ஒருங்குறிக்குக் கொணர்ந்தது. நம் குறிகளை மட்டும் அது அறியவில்லை. விண்டோசின் பழைய மேலைக் குறியாக்கத்தில் ஐந்து இடங்கள் பொருள் வரையறுக்கப்படாதவை. 173-ஆம் இடமோ கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டுக்கு உரியது. நம் குறிகள் பெரும்பாலும் அத்தகைய இடங்களிலேயே இருந்தன. எல்லாச் சொற்களும் வந்து சேர்ந்தன, மூக்கொலிகள் வரவில்லை. புள்ளி இழந்த சுவடியைப் போல அக்கோப்பு நம்முன் நின்றது. புள்ளியிழந்த சொல்லை மொழியறிவால் மீட்கலாம். ஒருவர் ஒரு நாளில் ஒரு சொல்லை எப்படி ஒலித்தார் என்பதை எந்த அறிவாலும் மீட்க இயலாது. முன்பு அச்சிட்டு வைத்திருந்த தாள்களால் ஒரு பகுதி தப்பியது. எஞ்சியவற்றைப் பேசிக்காட்டிய முதியோர் பலர் அதற்குள் காலமாகிவிட்டனர். தவறு நம்முடையதே.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

நம் பள்ளிகளின் அலமாரிகளில் இன்றும் அக்கால நெகிழ்வட்டுகளும் குறுந்தட்டுகளும் இருக்கக்கூடும். ஆண்டுமலர், நாடகப் பிரதி, ஆசிரியர் தொகுத்த பழமொழி, பயிற்றுத்தாள் ஆகியன அவற்றுள் உறங்கலாம். அவற்றை மீட்க முனைவோர்க்கு நம் பட்டறிவிலிருந்து மூன்று செய்திகள் கூறுவோம்.

முதலாவது, மூலக்கோப்பை அழிக்காமல் அதன் படியை மட்டும் மாற்றுக. அதற்குரிய எழுத்துருவையும் உடன் வைத்திடுக. இரண்டாவது, மாற்றிய பாடத்தை அச்சுப்படியுடன் வரிவரியாக ஒப்பிடுக. ஏட்டை ஒருவர் படிக்க மற்றொருவர் சரிபார்த்த பழைய முறையே இதற்கும் ஏற்றது. இரு மாணவர் சேர்ந்தால் செய்துவிடலாம். மூன்றாவது, எந்த எழுத்துருவில், எந்த மென்பொருளில், எந்த ஆண்டில் உருவானது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கோப்புடன் சேர்த்துவைக்க.

இவற்றைத் தட்டச்சிட்ட ஆசிரியர் பலர் ஓய்வுபெற்று நம்மிடையே வாழ்கின்றனர். எந்த விசையில் எந்த எழுத்து இருந்தது என்பது அவர்கள் விரல்களுக்கு இன்னும் தெரியும். அவர்களை அழைத்து, பக்கத்தில் அமர்த்திக் கேட்டுக்கொள்ளும் காலம் இதுவே.