பயன்படுத்தாத கிரெடிட் கார்டை குளோஸ் பண்ணினால் சிபில் ஸ்கோர் குறையுமா? முழு விவரம்

சம்பள அக்கவுன்ட்டோடு சேர்ந்து வந்த கார்டு, ஷாப்பிங் மாலில் மடக்கிப் பிடித்துத் தலையில் கட்டிய கார்டு... பலருடைய பர்ஸில் இப்படி ஒன்றாவது சும்மா கிடக்கும். 'எதுக்கு வம்பு, குளோஸ் பண்ணிடலாம்'னு நினைத்தால், 'ஐயோ, சிபில் ஸ்கோர் போயிடும்'னு பக்கத்தில் ஒருத்தர் பயமுறுத்துவார். அது உண்மையா?

பாதி உண்மை. கார்டை குளோஸ் செய்தால் இத்தனை புள்ளி கழிக்கப்படும் என்று எந்த விதியும் இல்லை. ஆனால், குளோஸ் செய்யும்போது உங்கள் மொத்த கடன் வரம்பு, அதாவது லிமிட் குறைகிறது. ஸ்கோரை இழுத்துக் கீழே தள்ளுவது பெரும்பாலும் இதுதான்.

லிமிட் குறைந்தால் என்ன ஆகும்?

சிபில் ஸ்கோர் 300 முதல் 900 வரை இருக்கும். அதைக் கணக்கிடும்போது, உங்களுக்குக் கொடுத்திருக்கும் லிமிட்டில் எத்தனை சதவீதத்தைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதும் பார்க்கப்படுகிறது. இது 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பது பொதுவான அறிவுரை.

ஒரு உதாரணம் பார்க்கலாம். உங்களிடம் இரண்டு கார்டு இருக்கிறது. ஒன்றின் லிமிட் 1.5 லட்சம், அதைத் தொடுவதே இல்லை. இன்னொன்றின் லிமிட் 50 ஆயிரம், அதில் மாதம் 45 ஆயிரம் ரூபாய் செலவு செய்கிறீர்கள். இப்போது மொத்த லிமிட் 2 லட்சம் என்பதால் பயன்பாடு 22.5 சதவீதம்தான். தொடாத கார்டை குளோஸ் செய்தால், அதே 45 ஆயிரம் ஒரேயடியாக 90 சதவீதம் ஆகிவிடும். ஒரு ரூபாய்கூட கூடுதலாகச் செலவு செய்யவில்லை. ஆனாலும், கடனை நம்பியே வாழ்பவர் மாதிரி உங்கள் ரிப்போர்ட் தெரியும்.

இதுவே, மாதம் 5 ஆயிரம் மட்டும் செலவு செய்பவராக இருந்தால்? குளோஸ் செய்த பிறகும் பயன்பாடு 10 சதவீதம்தான். பெரிய பாதிப்பு இருக்காது. ஒரே வங்கியின் இரண்டு கார்டுகளுக்கும் பொதுவான லிமிட் இருந்தால், அதில் ஒன்றை குளோஸ் செய்வதால் மொத்த லிமிட் குறையாமலும் போகலாம். வங்கியிடம் கேட்டுவிடுவது நல்லது.

பழைய கார்டா, புது கார்டா?

கடன் வரலாறு எவ்வளவு நீளம் என்பதும் ஸ்கோரில் சேரும். அதனால், 10 வருடப் பழைய கார்டை விட்டுவிட்டு போன வருடம் வாங்கியதை குளோஸ் செய்வதே புத்திசாலித்தனம். குளோஸ் செய்த அன்றே அந்தக் கார்டின் வரலாறு அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. சரியாகக் கட்டிய விவரங்கள் பல வருடங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும்.

வீட்டுக் கடன், வாகனக் கடனுக்கு அடுத்த சில மாதங்களில் விண்ணப்பிக்கப் போகிறீர்களா? அதுவரை கார்டில் கை வைக்க வேண்டாம்.

அப்போ வைத்திருப்பதே நல்லதா?

எல்லோருக்கும் இல்லை. வருடக் கட்டணம்தான் இதில் பெரிய சிக்கல். 500 ரூபாய் கட்டணம் என்றால், 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 590 ரூபாய். பயன்படுத்தாத கார்டுக்கு யார் பில் பார்க்கப் போகிறார்கள்? அது கட்டாமல் கிடந்து, தாமதக் கட்டணம், வட்டி என்று வளரும். கெடு தேதி தாண்டி 3 நாட்களுக்கு மேல் ஆகிவிட்டால், நிலுவை என்று சிபிலுக்கும் போய்விடும். கார்டை குளோஸ் செய்வதால் வரும் பாதிப்பைவிட இது பல மடங்கு மோசம்.

கட்டணம் இல்லாத கார்டாக மாற்றித் தர முடியுமா என்று முதலில் வங்கியிடம் கேளுங்கள். கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம். ஆன்லைன், வெளிநாட்டுப் பரிவர்த்தனைகளை ஆப்பிலேயே ஆஃப் செய்துவிட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை மொபைல் ரீசார்ஜ் மாதிரி சின்னச் செலவு செய்து உடனே கட்டிவிடுங்கள். ஏனென்றால், ஒரு வருடத்துக்கு மேல் பயன்படுத்தாத கார்டை வங்கியே குளோஸ் செய்யும் நடவடிக்கையைத் தொடங்கலாம். தகவல் அனுப்பி, 30 நாட்களில் உங்களிடமிருந்து பதில் வராவிட்டால் கார்டு குளோஸ்.

கார்டு கையில் இருந்தாலே செலவு செய்துவிடுகிறேன் என்பவர்கள் ஸ்கோரைப் பற்றி யோசிக்காமல் குளோஸ் செய்துவிடலாம். இறங்கிய ஸ்கோரை ஒழுங்காகக் கட்டி மீட்டுவிட முடியும், கடன் அப்படி இல்லை.

குளோஸ் செய்வது எப்படி?

பாக்கி, இ.எம்.ஐ. எல்லாவற்றையும் முதலில் முடியுங்கள். ரிவார்டு பாயின்ட் இருந்தால் பயன்படுத்திவிடுங்கள். கரன்ட் பில், ஓ.டி.டி. சந்தா என்று எதற்காவது ஆட்டோ டெபிட் கொடுத்திருந்தால் வேறு கார்டுக்கு மாற்றுங்கள். கார்டை வெட்டிக் குப்பையில் போட்டால் கணக்கு முடிந்துவிடாது. ஆப், இமெயில் அல்லது கஸ்டமர் கேர் மூலம் கோரிக்கை வைத்து, அதற்கான எண்ணை வாங்க வேண்டும். தபாலில்தான் அனுப்ப வேண்டும் என்று வங்கி கட்டாயப்படுத்த முடியாது.

2022 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாட்களுக்குள் குளோஸ் செய்ய வேண்டும். தாமதமானால், ஒரு நாளைக்கு 500 ரூபாய் வீதம் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். 'சார், ஆஃபர் தர்றோம், வெச்சுக்கோங்க'னு போனில் இழுத்தடித்தால் இந்த விதியைச் சொல்லுங்கள்.

இன்னொரு முக்கியமான விஷயம். பாக்கி அதிகமாக இருக்கும்போது, 'பாதி கட்டுங்க போதும், முடிச்சுடலாம்'னு கலெக்‌ஷன் ஆட்கள் சொல்வார்கள். அதை ஏற்றுக்கொண்டால் ரிப்போர்ட்டில் 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். அடுத்த முறை லோன் கேட்கும்போது வங்கிகள் தயங்குவது இந்த வார்த்தையைப் பார்த்துத்தான்.

கார்டு குளோஸ் ஆனதும் பாக்கி இல்லை என்ற கடிதத்தை வாங்கி வையுங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய 4 நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

அதில் கார்டு இன்னும் ஓபனாகவே இருந்தால் அந்த நிறுவனத்திலும் வங்கியிலும் புகார் செய்யலாம். 30 நாட்களில் சரிசெய்யாவிட்டால், தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. வங்கி 30 நாட்களாகியும் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணை அழைக்கலாம்.