உளவியக்க உளச்சிகிச்சை

உளவியக்க உளச்சிகிச்சை, பேசுவதன் வழியே மனத்துயரைக் குணப்படுத்தும் முறைகளில் ஒன்று. சிக்மண்ட் ஃப்ராய்டு (1856–1939) தொடங்கிய உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்தது. மனிதர்கள் தங்கள் உணர்வுகளில் பெரும்பகுதியைத் தாங்களே அறியாமல் சுமக்கிறார்கள்; சிறுவயதில் நெருங்கியவர்களோடு பழகிய விதம் பிற்கால உறவுகளிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது; நம்பத்தகுந்த ஒருவர்முன் பேசிப் பேசி அதைப் புரிந்துகொள்ளும்போது அதன் பிடி தளர்கிறது. இம்மூன்றும் இதன் அடிப்படைக் கருத்துகள். உளப்பகுப்பாய்வில் வாரம் நான்கைந்து முறை சந்திப்பு நடக்கும். இங்கோ வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ, எதிரெதிரே அமர்ந்து, ஒவ்வொரு முறையும் சுமார் 50 நிமிடம். சில மாதங்களிலும் முடியலாம், சில ஆண்டுகளும் நீளலாம்.

இந்தியாவில்

இத்துறை இந்தியாவுக்கு வந்து நூறாண்டு கடந்துவிட்டது. கல்கத்தா மருத்துவர் கிரீந்திரசேகர் போஸ் 1922இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவினார். ஃப்ராய்டுடன் பல ஆண்டுகள் கடிதம் வழி விவாதித்த அவர், ஃப்ராய்டு சொன்னதை அப்படியே ஏற்றவரல்லர். ஒவ்வோர் ஆசையின் அடியிலும் அதற்கு நேரெதிரான ஆசையும் இருக்கிறது என்று தனிக் கோட்பாடே வகுத்தார். ஃப்ராய்டின் 75ஆம் பிறந்தநாளுக்கு (1931) அச்சங்கம் யானைத் தந்தத்தில் செதுக்கிய விஷ்ணு சிலையை அனுப்பியது.

பின்னாளில் உளப்பகுப்பாய்வாளர் சுதிர் கக்கர் (1938–2024) இந்தியக் குடும்பத்தின் உள்ளுலகை ஆராய்ந்தார். உளமருத்துவர் ஜஸ்வந்த் சிங் நேகி 1973இல் குரு–சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கு மாதிரியாக முன்வைத்தார். நம் ஊர்களிலும் சிகிச்சைக்கு வருபவர் மருத்துவரிடம் அறிவுரையை எதிர்பார்ப்பதே வழக்கம். "நீங்களே ஒரு வழி சொல்லுங்க சார்" என்ற வேண்டுகோளைச் சிகிச்சையாளர் உதறிவிடக் கூடாது. வழிகாட்ட ஒருவரும் இல்லாத ஏக்கம் அதற்குள் இருக்கலாம். பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.

சிகிச்சை நடக்கும் முறை

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண். அவளுக்கு மூன்று வயதாக இருந்தபோதே அப்பா குவைத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகிறார். தேர்வு நெருங்கினால் அவளுக்கு வயிற்றுவலி, நெஞ்சுப் படபடப்பு. ஸ்கேன், இரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்தாயிற்று, உடம்பில் கோளாறில்லை. பாராட்டும் ஆசிரியரிடமே அவள் சண்டைக்கு நிற்கிறாள். சிகிச்சையாளர் ஒரு வாரம் விடுப்பு என்று சொன்னதும் அடுத்த சந்திப்புக்கு வராமலே நின்றுவிடுகிறாள்.

சிகிச்சையின் மையம் இங்கேதான் இருக்கிறது. "ஏம்மா வரல?" என்று கண்டிக்காமல், அவள் திரும்பி வந்ததும், "நான் லீவுல போறேன்னதும் உனக்குக் கோபம் வந்திருக்கும்" என்று சிகிச்சையாளர் அந்த உணர்வுக்குப் பேச இடம் தருகிறார். யாரையாவது நெருங்கினால் அவர் விட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்குமுன் நானே விலகிவிடுவது மேல். அவளுக்கே தெரியாத இந்த ஏற்பாடு மெல்ல மெல்லச் சொற்களாகிறது. பழைய உறவின் உணர்ச்சி இன்றைய மனிதர்மீது பெயர்ந்து வருவதை உணர்வுப் பெயர்வு என்றும், வலியைத் தவிர்க்க மனம் கையாளும் வழிகளைத் தற்காப்பு உத்திகள் என்றும் அழைப்பர். தற்காப்பைப் பிடுங்கி எறிவது நோக்கமல்ல. ஒருகாலத்தில் குழந்தையைக் காப்பாற்றியதே அதுதான். இன்னும் அது தேவையா என்று பார்க்கும் தைரியம் வந்தால் போதும்.

அப்பாமேல் கோபமும் பாசமும் ஒருசேர இருக்க முடியும் என்பதை அந்தப் பெண் தாங்கிக்கொள்ளத் தொடங்கும்போது வயிற்றுவலி குறையலாம், குறையாமலும் போகலாம். ஆனால் அவள் உணர்வைச் சொல்ல உடம்பு மட்டுமே வழியாக இருந்த நிலை மாறுகிறது. உணர்வு வளர்ச்சி என்பதற்கு இதைவிடத் தெளிவான பொருள் இல்லை.

வளரிளம் பருவமும் முதிர்பருவமும்

வளரிளம் பருவத்தை உளப்பகுப்பாய்வாளர் பீட்டர் பிளாஸ் 1967இல் இரண்டாம் தனித்துவமாதல் என்று விளக்கினார். குழந்தை தாயின் இடுப்பிலிருந்து இறங்குவது முதலாவது. பெற்றோரை மனத்துக்குள் வைத்திருக்கும் விதத்தை இளையவர் மாற்றியமைப்பது இரண்டாவது. எரிக் எரிக்சன் இதையே அடையாளத் தேடலாகக் கண்டார். மேற்கத்திய நூல்களில் இதன் முடிவு பெரும்பாலும் வீட்டைவிட்டுத் தனியே வாழ்வதாக இருக்கும். தமிழ்க் குடும்பத்தில் அப்படி எதிர்பார்ப்பது பொருந்தாது. ஒரே கூரையின்கீழ் இருந்துகொண்டே, "எனக்கு இந்தப் படிப்பு வேண்டாம்ப்பா" என்று உறவை முறிக்காமல் சொல்லும் திடம் வருவதே இங்கு வளர்ச்சி.

பெரியவர்களுக்கும் இச்சிகிச்சை பயன்படுகிறது. துக்கம் ஆறாதவர்கள், ஒரே வகைத் திருமணச் சிக்கலில் மீண்டும் மீண்டும் விழுபவர்கள், காரணம் புரியாத வெறுமையோடு வாழ்பவர்கள் நாடி வருகிறார்கள்.

ஆய்வுகளும் வரம்புகளும்

இங்கிலாந்தில் மனச்சோர்வுற்ற 465 இளையவர்களிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குறுங்கால உளப்பகுப்பாய்வுச் சிகிச்சை, அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, எளிய உளச்சமூக ஆதரவு ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அந்த நலம் சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் நீடித்தது. மருந்துக்கும் மற்றச் சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வுடைய 129 பெரியவர்களை லண்டன் டேவிஸ்டாக் மையம் ஆராய்ந்தது (2015). சுமார் 18 மாதம் இச்சிகிச்சையும் பெற்றவர்களிடம் முன்னேற்றம் சிகிச்சைக் காலம் முடிந்த பின்னரே தெளிவாக வெளிப்பட்டது. மற்ற முறைகளைவிட இது உயர்ந்தது என்று இந்த ஆய்வுகள் நிறுவவில்லை. மெதுவாக விளைந்தாலும் பலன் நிற்கும் என்று நம்ப இடம் தருகின்றன.

தீவிர மனச்சிதைவு, மனவெழுச்சி நோய் (மேனியா), உடனடித் தற்கொலை அபாயம் ஆகியவற்றில் மருந்தும் பாதுகாப்பும் முதலில் வரவேண்டும். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. சாதி இழிவும் கடன் சுமையும் தரும் வேதனையைக் குழந்தைப் பருவத்தோடு மட்டும் முடிச்சுப் போடுவது அநீதி.

அரியலூர் வட்டாரத்தில்

சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்ட் ஆலைகளும் சூழ்ந்த கீழப்பழுவூர் போன்ற ஊர்களில் மக்கள் மனத்துயருக்கு முதலில் நாடுவது கோயிலையும் குடும்பப் பெரியவர்களையும்தான். திருச்சியை அடுத்த குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம், அதாவது 48 நாள், தங்கி வழிபடுவது நெடுநாள் வழக்கம். அங்கே கிடைக்கும் ஆறுதலை ஏளனம் செய்பவர் இம்மக்களுக்குச் சிகிச்சையாளராக முடியாது.

2017இல் அரியலூர் மாவட்டத்து மாணவி ஒருவர் நீட் தேர்வையொட்டி உயிரிழந்தது தமிழகத்தையே உலுக்கியது. அதே ஆண்டு நிறைவேறிய மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது, தண்டனைக்குரியவராக அல்ல. 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழி மருந்தும் ஆலோசனையும் கிடைக்கின்றன. ஆனால் ஓர் இளையவரோடு மாதக்கணக்கில், வாரந்தோறும், தமிழில் அமர்ந்து பேசும் ஆழ்ந்த சிகிச்சை இன்றும் பெருநகரத்தில் காசு உள்ளவர்க்கே எட்டுகிறது. மாவட்ட மருத்துவமனைகளில் இதற்குப் பயிற்சி பெற்றவர்களை நியமிப்பது அரசு செய்ய வேண்டிய வேலை.

மனம் தாங்காத நேரத்தில் 14416 என்ற "நட்புடன் உங்களோடு" மனநல சேவை எண்ணையோ 104ஐயோ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், இரண்டும் கட்டணமில்லாதவை.