காஸ்போர்ட் விமானப் பயிற்சி முறை

காஸ்போர்ட் முறை என்பது, இங்கிலாந்தின் தென்கரையில் போர்ட்ஸ்மத் துறைமுகத்திற்கு எதிரேயுள்ள காஸ்போர்ட் என்னும் ஊரில், முதல் உலக யுத்தத்தின் நடுவே ராபர்ட் ஸ்மித்-பாரி என்னும் படையதிகாரி வகுத்ததும், சிறு விமானங்களில் மாணவர்க்குப் பறக்கக் கற்பிக்கும் பிற்கால முறைகள் பலவற்றிற்கு அடிப்படையாய் அமைந்ததுமான பயிற்சி முறையாகும்.

அதற்கு முன்பு, போர்முனையில் களைத்தோ காயமுற்றோ திரும்பிய விமானிகளே, கற்பிப்பதில் பழக்கமும் விருப்பமும் இல்லாதிருந்தும், பெரும்பாலும் ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். மாணவன் கையில் விமானத்தை ஒப்படைக்க அஞ்சிய அவர்களிடம் கற்றவன் தேர்ச்சியைவிட அச்சத்தையே அதிகமாய்ப் பெற்றான் என்று சொல்வது மிகையாகாது. 1914இல் விபத்தில் இரு கால்களும் முறிந்து தேறிய ஸ்மித்-பாரி, 1916இல் பிரான்சில் 60ஆவது படைப்பிரிவுக்குத் தலைமை வகித்தபோது, அரைகுறைப் பயிற்சியுடன் வந்து சேர்ந்த இளைஞர்களின் நிலையைக் கண்டு மனம் பொறாமல் விமானப்படைத் தளபதி டிரெஞ்சார்டுக்கு எழுதினார். அவ்வாண்டின் இறுதியில் காஸ்போர்ட் பயிற்சிப் பிரிவே அவர் பொறுப்பில் விடப்பட்டது.

அங்கே அவர் ஆவ்ரோ 504 என்னும் ஈரிருக்கை விமானத்தைத் தேர்ந்து, இரட்டைக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பொருத்தி, பின்னர் தனித்துப் பறக்கும்போது எந்த இருக்கையில் அமர வேண்டுமோ அதே இருக்கையில் மாணவனை முதல் நாளிலிருந்தே அமர்த்தினார். ஆபத்தான நிலைகளிலிருந்து மாணவனை விலக்கி வைக்காமல், வேண்டுமென்றே அவற்றில் புகுத்தி, காரணத்தை விளக்கி, மீளும் வழியைப் பழக்குவதே அவருடைய கொள்கை. அக்காலத்து விமானிகள் பெரிதும் அஞ்சிய சுழல் வீழ்ச்சியை இதற்கு உதாரணமாய்க் கொள்ளலாம். வேகம் குன்றி, இறக்கைகள் காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறும்போது தாங்குவிசை குலைகிறது. ஓர் இறக்கை மற்றதைவிட அதிகமாய்த் தாழ, விமானம் மூக்கைக் கவிழ்த்துச் சுழன்று இறங்கத் தொடங்குகிறது. தரை மேலெழுந்து வருவது போலத் தோன்றும் அந்தக் கணத்தில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தன்பால் இழுக்கவே எவனுக்கும் கை போகும்; அவ்வாறு இழுப்பதோ சுழற்சியை நீடிக்கச் செய்யும். எஞ்சினை அடக்கி, சுழலும் திசைக்கு எதிராகச் சுக்கானை மிதித்து, தண்டை முன்னே தள்ளுவதே மீளும் வழி. இயல்பூக்கத்திற்கு மாறான இச்செய்கையைப் போதிய உயரத்தில் பன்முறை செய்து பார்த்தாலன்றி, வாய்ச்சொல்லால் எவரும் கற்க முடியாது.

எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேளாதாகையால், ஆசிரியரின் வாயருகிலிருந்து மாணவனின் செவிக்குச் செல்லும் பேசுகுழாய் ஒன்றும் பயன்பட்டது. இன்றும் அது காஸ்போர்ட் குழாய் என்றே வழங்குகிறது. பிற்கால அமெரிக்கப் பயிற்சி விமானங்கள் பலவற்றில் இது ஒருவழிக் குழாயாகவே இருந்தமையால், ஆசிரியரின் வசைக்கு மறுமொழி கூற மாணவனுக்கு வழியில்லாமற் போயிற்று. சில ஆசிரியர்களுக்கு இந்த ஏற்பாடு மிகவும் உகந்ததாய் இருந்திருக்கக்கூடும்.

1917 ஆகஸ்டில் காஸ்போர்ட் பிரிவு, ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் விசேஷப் பறத்தற் பள்ளியாயிற்று. அங்கே தேறியவர்கள் வழியாக அம்முறை பிற பயிற்சி நிலையங்களுக்கும் பரவியது. ஆவ்ரோ விமானத்தின் இடத்தைப் பின்னர் டைகர் மாத் முதலியவை பெற்றன; இந்தியாவின் பறக்கும் சங்கங்களிலும் டைகர் மாத் நெடுங்காலம் பயிற்சிக்குப் பயன்பட்டது. சுழல் வீழ்ச்சிப் பயிற்சியைப் பொறுத்தவரை மட்டும் அபிப்பிராய பேதம் உண்டு: அமெரிக்காவில் அது 1949இல் தனியார் விமானி உரிமத்திற்கான கட்டாயப் பாடத்திலிருந்து நீக்கப்பட்டு, தாங்குவிசை குலையும் தறுவாயை முன்கூட்டியே உணர்ந்து தவிர்ப்பது வற்புறுத்தப்பட்டது; ஆசிரியராக விரும்புவோர்க்கு மாத்திரம் சுழல் வீழ்ச்சிப் பயிற்சி அவசியமாய் நீடிக்கிறது.