சாயம் போகுமா? கையால் நிறமேற்றிய நூலின் முந்நூறு வருடக் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு கேள்வியைப் பத்தினது. கைவினைச் சந்தையில் நூலோ, கையால் பின்னின குல்லாவோ, ஸ்வெட்டரோ விக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க: வாங்க வர்றவங்க துணியைத் தொட்டுப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி விலை இல்ல. "சாயம் போகுமா?"

போகாதுன்னு சொன்னா விக்கும். போகும்னு சொன்னா கையில இருந்த சிட்டத்தைக் கீழ வச்சுட்டுப் பக்கத்துக் கடைக்குப் போயிடுவாங்க. இந்தக் கேள்வி புதுசு இல்ல. தமிழ்நாட்டுக் கடற்கரைக்குக் கப்பல் வந்ததே இதுக்குக் கிடைச்ச பதிலால்தான். அதே கேள்விக்கு ஒரு பாதி பதிலை மட்டும் சொன்னதால் பின்னாடி ஒரு ஆறும் கெட்டது.

கேள்வியை ஒரு ஊர்ல நிறுத்தி வச்சுக்குவோம். காரவள்ளி. நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலைக்கு ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குகிற அடிவாரம். மேலே குளிர், அதனால் கம்பளிக்குத் தேவை உண்டு. ஆடி 17, 18ல் செம்மேட்டில் நடக்கிற வல்வில் ஓரி விழாவுக்குச் சமவெளியிலிருந்து கூட்டம் வரும், கடை போடலாம். இங்க ஒருத்தர் நாலு வாளி, ஒரு அடுப்பு, கொஞ்சம் வெள்ளை நூலோட ஒரு சின்னத் தொழில் தொடங்குறார்னு வச்சுக்கோங்க. அவருக்கு இந்த வரலாறு ஏன் தெரிஞ்சிருக்கணும்? அதுதான் இன்னைக்கு விஷயம்.

போகாத சிவப்பு

17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையில் டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனியர், பிரெஞ்சுக்காரர் என வரிசையா வந்து கிடங்கு கட்டினாங்க. துணிதான் காரணம். 1639ல் சென்னையில் ஆங்கிலேயர் கால் ஊன்றியதும் துணி வாங்கத்தான். ஐரோப்பாவிலயும் சாயம் இருந்தது. ஆனா பருத்தியில், துவைச்சாலும் நிக்கிற பளிச்சென்ற சிவப்பைக் கொண்டுவர அங்க பெரும்பாலும் தெரியல. நம்ம ஆட்களுக்குத் தெரிஞ்சிருந்தது.

ரகசியம் ஒரு சின்னச் செடியின் வேர். பேரே சாயவேர். கடற்கரை மணலில் வளரும். யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கத்திலும் கிடைத்தது. இலங்கையை ஆண்ட டச்சுக்காரர்கள் அதைத் தோண்டும் உரிமையைத் தங்கள் கையில் வச்சு வருமானம் பார்த்தார்கள். அவ்வளவு மதிப்பு.

ஆனா வேர் மட்டும் போதாது. வேரை வேகவச்ச தண்ணியில் வெள்ளைப் பருத்தியை முக்கி எடுத்தா நிறம் ஏறும், அடுத்த துவைப்பில் போயிடும். நடுவுல ஒரு தரகர் வேணும். அது படிகாரம். படிகாரத்தில் இருக்கிற அலுமினியம் ஒரு கையால் நூலையும் மறு கையால் சாயத்தையும் பிடிச்சுக்கும். அந்தப் படிகாரத்தைப் பருத்தியில் உட்கார வைக்க இன்னொரு ஆள்: கடுக்காய். அதில் இருக்கிற துவர்ப்புதான் அந்த வேலையைச் செய்யுது. கொல்லிமலை மாதிரியான கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் கிடைக்கிற அதே கடுக்காய். மலையில் பொறுக்கின காயும் கடலோரத்தில் தோண்டின வேரும் ஒரே தொட்டியில் சந்திச்சாத்தான் அந்தச் சிவப்பு.

நூலுக்கு வேலை இன்னும் அதிகம். சிவப்பு நூல் வேணும்னா நல்லெண்ணெயும் சாம்பல் கரைசலும் கலந்து நூலை ஊற வைப்பாங்க, பிழிவாங்க, காய வைப்பாங்க, மறுபடி ஊற வைப்பாங்க. நாள்கணக்கில் இது போகும். அப்புறம்தான் சாயத்தொட்டி.

1742ல் கோர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், நம்ம ஊர்ச் சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிஞ்சுகிட்ட இந்த முறையைப் படிப்படியாக ஒரு கடிதமா எழுதி ஊருக்கு அனுப்பினார். இன்னைக்கு மொழியில சொன்னா, ஒரு தொழிலின் மொத்த சோர்ஸ் கோடும் ஒரே கடிதத்தில் போயிடுச்சு. அதுக்கு முன்னாடியே பிரான்ஸ் 1686லும், இங்கிலாந்து 1700லும் 1720லும் சட்டம் போட்டு இந்தியத் துணிகளைத் தடுக்கப் பார்த்தன. அவங்க ஊர் நெசவாளர்களால் போட்டி போட முடியல.

கம்பெனிக்காரங்களுக்குத் தண்ணியோட அருமையும் தெரியும். 1734ல் சென்னையில் நெசவாளர்களையும் அவங்களைச் சார்ந்த தொழிலாளர்களையும் குடியேத்த சிந்தாதிரிப்பேட்டையை உருவாக்கினபோது, தேர்ந்தெடுத்த இடம் கூவம் வளைஞ்சு ஓடுற கரை. நூலை அலசவும் துணியை வெளுக்கவும் ஓடுற தண்ணி வேணும். ஒரு காலத்தில் கூவம் அதுக்கு லாயக்கா இருந்தது.

டப்பாவில் வந்த நிறம்

1856ல் லண்டனில் பெர்கின் என்ற 18 வயசுப் பையன் மலேரியா மருந்து செய்யப் போய், தவறுதலா ஊதா நிறத்தைக் கண்டுபிடிச்சார். 1868ல் கிரேபே, லீபர்மான் என்ற இரண்டு ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வகத்தில் உருவாக்கினாங்க. சாயவேரின் சிவப்புக்குள்ள இருந்த அதே பொருள். 1897ல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது, அவுரிக்கும் மவுசு போச்சு.

மதுரையில் சுங்குடிக்குப் பேர் போன சௌராஷ்டிரச் சாயக்காரர்கள் இதைப் பார்த்துட்டு சும்மா இருக்கல. சீக்கிரமே ஜெர்மன் அலிசரினுக்கு மாறி, சாய நூல் வியாபாரத்தைப் பெருசாக்கினாங்க. முதல் உலகப்போர் வந்து ஜெர்மன் சரக்கு நின்னப்பதான் எவ்வளவு தூரம் அதை நம்பியிருந்தோம்னு புரிஞ்சது. "பாரம்பரியம்" என்ற வார்த்தையை இன்னைக்குக் கடையில தொங்கவிடும்போது இதையும் ஞாபகம் வச்சுக்கணும். நம்ம பாட்டன் காலத்துச் சாயக்காரர் பிழைக்கத் தெரிஞ்ச வியாபாரி. நல்ல சரக்கு எங்கிருந்து வந்தாலும் எடுத்துக்கிட்டார்.

போகும்னு சொல்லி வித்தவங்க

இனி 1958க்கு வருவோம். பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி.பி. கிருஷ்ணன் நாயர் அப்ப கைத்தறி ஏற்றுமதியில் இருந்தார். அவர் பேட்டிகளில் சொன்ன கதை இது. வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் அவரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை வாங்கினார். தாவரச் சாயம், அதனால் குளிர்ந்த தண்ணியில் மெதுவா அலசணும்னு நாயர் எச்சரிச்சு அனுப்பினார். அந்த எச்சரிக்கை ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்கோ, அங்க சட்டை வாங்கினவங்களுக்கோ போய்ச் சேரல. வாஷிங் மெஷினில் போட்டாங்க. ஒரு கட்டத்தின் நிறம் அடுத்த கட்டத்துக்கு ஓடிடுச்சு. வழக்கு வரைக்கும் பேச்சு போனது.

அப்புறம் விளம்பரத்தில் கதையையே திருப்பிட்டாங்க. ஒவ்வொரு துவைப்பிலும் நிறம் கரைஞ்சு கலந்து, உங்க சட்டை மாதிரி இன்னொரு சட்டை உலகத்திலயே இருக்காது, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம்! அமெரிக்கக் கல்லூரிப் பசங்க அடிச்சுப் பிடிச்சு வாங்கினாங்க. எங்க சாஃப்ட்வேர் ஆபீஸில் "இது பக் இல்ல, ஃபீச்சர்"னு ஒரு கிண்டல் உண்டு. அந்தக் கிண்டல் இங்க நிஜமாவே பணம் சம்பாதிச்சது.

விளம்பரத் தந்திரம்னு இதை ஒதுக்கிட முடியாது. முதல் தடவை வித்தப்போ இருந்த அதே துணி, அதே சாயம். சொன்ன தகவல் மட்டும்தான் மாறினது. சொல்லாம வித்தப்போ மோசடி, சொல்லி வித்தப்போ பெருமை.

துணியில் நின்னது, ஆற்றில் போனது

இதுவரைக்கும் "சாயம் போகுமா?" என்றால் துணியிலிருந்து போகுமா என்றுதான் அர்த்தம். திருப்பூர் வந்துதான் கேள்வியின் மறுபாதியைக் கேட்க வச்சது.

1925ல் குலாம் காதர் என்பவர் கல்கத்தாவிலிருந்து இயந்திரம் வாங்கி வந்து முதல் பனியன் கம்பெனியைத் தொடங்கினார் என்று சொல்வாங்க. 1980களில் ஏற்றுமதி சூடு பிடிச்சது. வெள்ளைப் பனியன் போய், நிறம் நிறமா டி-ஷர்ட். அதுக்குத் தோதான சாயமும் தயாரா இருந்தது. 1956ல் ஐ.சி.ஐ. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த ரியாக்டிவ் சாயம். இது பருத்தியோட நேரடியா வேதிப் பிணைப்பு போட்டுக்கும். எண்ணெய் வேண்டாம், கடுக்காய் வேண்டாம். துவைச்சா போகாது.

ஆனா ஒரு விலை உண்டு. தொட்டியில் போட்ட சாயம் அத்தனையும் நூலில் ஒட்டாது. ஒரு பகுதி தண்ணியோடவே வினை செஞ்சு வீணாகி, அலசும்போது வெளியே போகும். அதைவிடப் பெரிய சிக்கல் உப்பு. சாயத்தைத் தண்ணியிலிருந்து நூல் பக்கம் தள்ள உப்பு வேணும். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் 600 கிராம். அந்த உப்பு நூலில் தங்காது. அத்தனையும் சாக்கடைக்குத்தான்.

அது நொய்யல் ஆற்றுக்குப் போச்சு. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் கட்டி 1992ல் திறந்த அணையில் சாயக்கழிவு தேங்கினது. தண்ணி வேணும்னு அணை கேட்ட விவசாயிகளே, இங்க தண்ணி தேக்காதீங்கன்னு போராட வேண்டிய நிலை. கிணறு உப்பாச்சு. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனாங்க. பல வருஷம் கழிச்சு, 2011 ஜனவரி 28ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தண்ணியையும் உப்பையும் மீட்டெடுத்தால்தான் திறக்கலாம் என்று ஆனது. வேலை இழந்தவர்களுக்கும் அது கொடுமையான காலம். தப்பு நடந்தது பல வருஷம், தண்டனை ஒரே நாளில் வந்தது.

அந்த டி-ஷர்ட்டை வாங்கின வெளிநாட்டு ஆளிடம் கேட்டா, "சாயம் போகவே இல்ல, அருமையான துணி"ன்னு சொல்லியிருப்பார். அவர் சொன்னது உண்மைதான். போக வேண்டியது இங்கயே போயிடுச்சே.

நாலு வாளிக்காரருக்கு இதில் என்ன?

"அதெல்லாம் பெரிய கம்பெனி. நான் வீட்டுக் கொல்லையில் பண்றேன்"னு காரவள்ளிக்காரர் சொல்லலாம். ஆனா இதே நாமக்கல் மாவட்டத்தில்தான் காவிரிக்கரையில் குமாரபாளையமும் பள்ளிபாளையமும் இருக்கு. அங்க அனுமதியில்லாத சாயப்பட்டறைகளை அதிகாரிகள் இடிப்பதும் திரும்ப முளைப்பதும் பழைய செய்தி. அதில் பல, சின்னப் பட்டறைகள்தான். சின்னது என்பது சுத்தமானதுக்கு அத்தாட்சி இல்ல. அதுவும் மலையடிவாரத்தில் இருக்கிறவர் கொட்டுறது, கீழே இருக்கிற ஒவ்வொரு கிணற்றுக்கும் மேலே கொட்டுறது.

அப்ப என்ன செய்யலாம்? வேதியியல் கொஞ்சம் கைகொடுக்குது.

கம்பளி நூல்னா ஆசிட் சாயம். நூறு கிராம் நூலுக்கு ஒரு கிராம் சாயம், கொஞ்சம் வினிகர் அல்லது சிட்ரிக் அமிலம், கொதிக்கு முந்தின சூடு, அரை மணி நேரப் பொறுமை. சரியா செஞ்சா தொட்டித் தண்ணி கிட்டத்தட்ட தெளிஞ்சிடும். சாயம் முழுக்க நூலுக்குள்ள போயிட்டதுக்கு அதுதான் அடையாளம். அதே தண்ணியில் அடுத்த சிட்டத்தைப் போடலாம்.

பருத்தின்னா கணக்கு வேற. வாளியில் நூறு கிராம் சிட்டத்துக்கு 2 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 50 கிராம் உப்பு என்றால், நூலின் எடைக்குச் சமமா 100 கிராம் உப்பு. ஒரு சந்தைக்கு 50 சிட்டம் செஞ்சா 5 கிலோ. வருஷத்துக்குப் பத்து சந்தைன்னா அரை மூட்டைக்கு மேல உப்பு, ஒரே கொல்லை மண்ணில். அதனால் அந்தத் தண்ணியை மண்ணில் விடாம, அகலமான தொட்டியில் வெயிலில் ஆவியாக்கி, மிஞ்சின உப்பைத் தனியா எடுக்கணும்.

இயற்கைச் சாயம்னா எல்லாம் சரியா? அதுவும் இல்ல. படிகாரம் பெரிய தொந்தரவு இல்ல. ஆனா நிறம் மாத்தக் குரோமியம், செம்பு உப்பு போட்டா அது விஷம். மஞ்சளில் போட்ட மஞ்சள் வெயிலில் வெளுக்கும். அவுரி நீலம், ஜீன்ஸ் மாதிரி, உரசினா மெல்ல மங்கும். இதெல்லாம் குறை இல்ல. வாங்குறவங்களுக்கு முன்னாடியே சொல்ல வேண்டிய தகவல்.

ஒரு சீட்டு போதும். என்ன நூல், என்ன சாயம், எந்தத் தண்ணியில் அலசணும், முதல் துவைப்பில் எவ்வளவு போகும். அதோட கடைசியா இன்னொரு வரி: சாயத்தண்ணியை என்ன பண்ணினோம். முதல் நாலு வரியை மெட்ராஸ் துணி வித்தவங்க நஷ்டப்பட்டுக் கத்துக்கிட்டாங்க. அஞ்சாவது வரிக்கு நொய்யல்கரை விவசாயிகள் விலை கொடுத்தாங்க. கையால் செஞ்ச நூலுக்கு மில் நூலைவிடப் பல மடங்கு விலை கேட்கிறவர், அந்த அஞ்சு வரியையும் சேர்த்துத்தான் விக்கணும்.

வாங்குற நீங்களும் அடுத்த முறை "சாயம் போகுமா?"ன்னு கேட்டதோட நிறுத்தாதீங்க. "சாயத்தண்ணி எங்க போச்சு?"ன்னும் கேளுங்க. பதில் தெரிஞ்ச ஆளா இருந்தா, பேரம் பேசாம வாங்குங்க.

இந்த எபிசோடு இவ்வளவுதான். உங்க ஊர்ல பழைய சாயத்தொட்டி, சாயக்காரத் தெருன்னு ஏதாவது இருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.