முடிவில்லாத தேதி

காலவரம்பு இல்லாத ஒப்பந்தத்துக்கு டேட்டாபேஸில் என்ன முடிவுத் தேதி போடுவது? போஸ்ட்கிரெஸில் 'இன்ஃபினிட்டி' என்றே எழுதலாம். மற்றவற்றில் 9999 டிசம்பர் 31 போட்டு ஒப்பேற்றுவோம்.

நம்ம கல்வெட்டுக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. 'சந்திராதித்தவல்' என்று வெட்டிவிட்டார்கள். சந்திர சூரியர் உள்ளவரை! தொடக்கத் தேதியிலும் கெட்டிக்காரர்கள். பொன்முடிக்குத் தெற்கே, ஆய் மன்னன் கருநந்தடக்கனின் பார்த்திவபுரம் செப்பேடு (866) கலியுக நாள் 14,49,087 என்கிறது. கம்ப்யூட்டரும் உள்ளுக்குள் இப்படித்தான் நாட்களை எண்ணுகிறது.

1886-ல் திருவிதாங்கூரிடம் பிரிட்டிஷார் வாங்கிய பெரியாறு குத்தகை 999 வருஷம். அதுவும் நம்ம 9999 மாதிரிதான், 'என்றென்றும்' என்பதற்கு ஒரு பெரிய எண். ஆனால் ஏக்கருக்கு 5 ரூபாய் என்ற வாடகை 1970-ல் 30 ஆனது. முடிவுத் தேதி எவ்வளவு தள்ளி இருந்தால் என்ன, உள்ளே இருப்பது நடுவிலேயே மாறிவிடுகிறது. அதற்கும் டேபிளில் இடம் விட்டுவையுங்கள்.