எண்ணெய் தேடிய படங்களும் தண்டராவின் வரலாறும்

ஏடும் கல்வெட்டுமே வரலாற்று மூலங்கள் எனக் கருதுவோர் அலாஸ்காவின் வடபாலுள்ள தண்டராவை நோக்குதல் தகும். மரங்கள் வளராத அவ்வுறைநிலத்தில் எண்ணெய் வளம் தேடிய ஐக்கிய அமெரிக்கக் கடற்படையினர், 1940களின் பிற்பகுதியில் விமானத்திலிருந்து அதனைப் படம்பிடித்தனர். அரை நூற்றாண்டின் பின்னர், 1999 ஆம், 2000 ஆம் ஆண்டுகளில், மத்தியூ ஸ்டேர்ம், சார்ள்ஸ் ரசீன், கென் டேப் ஆகிய ஆய்வாளர்கள் அதே இடங்களை மீண்டும் படம்பிடித்து ஒப்புநோக்கினர். ஆல்டர், வில்லோ, குறும் பேர்ச் முதலிய புதர்கள் பல இடங்களிற் பெருகியிருந்தமை புலனாயிற்று. 2001 இல் ‘நேச்சர்’ சஞ்சிகை இம்முடிவை வெளியிட்டது.

புதர் பெருகுவது நன்மையன்றோ எனச் சிலர் வினவலாம். புதர்கள் மாரிகாலத்திற் காற்று அடித்துச்செல்லும் பனியைத் தடுத்துத் திரட்டுகின்றன. அப்பனி கம்பளிபோல் மண்ணின் வெப்பத்தைக் காக்கின்றது. அதனால் உறைந்த அடிநிலம் இளகி, பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு அடங்கிக்கிடந்த காபன் வளிமண்டலத்தை அடையும் வாய்ப்பு மிகுகின்றது.

புவியை வெப்பமுறச் செய்யும் எரிபொருளை நாடி எடுத்த படங்களே அவ்வெப்பத்தின் விளைவுக்குச் சாட்சியாயின. அவற்றைப் பயனற்றவையென எறிந்திருப்பின், செய்மதிகளுக்கு முற்பட்ட தண்டராவின் தோற்றம் நமக்குக் கிட்டியிராது. இன்று பயன் தோன்றாத ஆவணத்தையும் பேணுதல் வரலாற்று மாணவரின் கடனாகும்.