தையலைத் தாண்டும் பூங்கிளை

ஜப்பானியப் பெண்கள் மணவிருந்துக்கும் தேநீர்ச் சடங்குக்கும் உடுத்திச் செல்லும் பட்டுக் கிமோனோக்களுள் ஒன்று 'ஹோமோங்கி'. பிறரைக் காணச் செல்லும்போது அணியும் ஆடை என்பது அச்சொல்லின் பொருள். தைஷோ காலத்தில் (1912–1926) இது வழக்குக்கு வந்தது. நீண்ட கைகளையுடைய 'ஃபுரிசோடே' மணமாகாத பெண்களுக்கு உரியது. கருநிறத் 'தோமேசோடே' மணமானவர்க்கு உரியது. ஹோமோங்கியையோ இருசாராரும் அணியலாம்.

இதன் சிறப்பு ஓவியத்தில் இருக்கிறது. தோளில் தொடங்கும் பூங்கிளை தையலைக் கடந்து கையில் படர்கிறது. கீழ் விளிம்பில் ஓடும் நீரோடை எந்த மூட்டிலும் அறுபடுவதில்லை. இதற்காக வெண்பட்டை முதலில் வெட்டி, கிமோனோ வடிவில் தளர்வாகத் தைத்து, நீரில் கரைந்துவிடும் ஒருவகைப் பூச்சாற்றினால் ஓவியத்தை வரைகின்றனர். பின்னர் தையலைப் பிரித்துச் சாயமிட்டு, மீண்டும் தைக்கின்றனர். ஒரே ஆடைக்கு இருமுறை தையல்! பொறுமையற்றவர்க்கு ஏற்ற தொழிலன்று இது.

சாயமிடும் முறைக்கு 'யூசென்' என்று பெயர். பசையரிசி மாவில் செய்த பசையைக் கூம்புக் குழலிலிருந்து பிழிந்து, ஓவியக் கோடுகளின்மேல் மெல்லிய வரம்பு கட்டுவர். ஒரு நிறம் மற்றொன்றில் கசியாமல் அவ்வரம்பு காக்கும். கியோத்தோவில் விசிறி ஓவியராகப் புகழ்பெற்ற மியாசாகி யூசென்சாயின் பெயரே இதற்கு நிலைத்தது. அவரே இதனைக் கண்டுபிடித்தார் என்பதைவிட, அவருடைய வடிவங்கள் இதற்குப் புகழ் தந்தன என்பதே பொருத்தம்.

அக்காலம் கவனத்திற்குரியது. 1683-ஆம் ஆண்டில் ஷோகன் அரசு, பெண்களின் ஆடைகளில் பொன்னிழைத் துணியையும் பூத்தையலையும் முழுவதும் முடிச்சிட்டுச் சாயமேற்றிய துணியையும் தடை செய்தது. செல்வம் சேர்த்த வணிகர் வீட்டுப் பெண்கள் தங்கள் நிலைக்கு மீறி உடுத்துவது ஆள்வோருக்குப் பொறுக்கவில்லை. பொன்னும் ஊசியும் தடுக்கப்பட்ட அவ்வேளையில், தூரிகையும் அரிசிப் பசையும் ஏற்றம் பெற்றன.

தடை மீண்டும் வந்தது. 1940 ஜூலை 7 முதல், போர்க்காலச் சிக்கனத்தின் பெயரால் ஆடம்பரப் பொருள்களின் உற்பத்தியும் விற்பனையும் கட்டுப்படுத்தப்பட்டன. ஹோமோங்கிக்கு எளிய மாற்றாகத் தோன்றியதாகச் சொல்லப்படுவது 'ட்சுகெசாகே'. முன்தையல் இல்லாமல், துணிச்சுருளிலேயே இடமறிந்து ஓவியம் தீட்டுவர். தைத்து உடுத்தும்போது பூக்களெல்லாம் மேல்நோக்கி நிற்கும். ஆனால் தொடக்ககால ஆடைகளில் கிளைகள் தையலைத் தாண்டவில்லை, ஓரத்திலேயே நின்றுவிட்டன.

போர் முடிந்தபின் ஹோமோங்கி திரும்பியது, ட்சுகெசாகேயும் மறையவில்லை. பிற்கால ட்சுகெசாகேகளில் பூங்கிளை தையலைத் தாண்டுவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது இன்று ஜப்பானியர் பலருக்கே கடினம்.